உபசாரத்துக்குக் கொடுத்த தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்திலிருந்து பிறந்தது. அந்தப் பிரசுரத்தை எழுதியவனும் நான்தான். ஆகவே இதைப் படித்துவிட்டு யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நிற்பவர்களையும் காட்டித்தான் கொடுக்கப்போகிறேன்.

பிரசுரத்தின் தலைப்பு, 'நம் நகரின் இலையுதிர்காலம்: கண்டு மகிழப் பன்னிரண்டு'. நகராட்சியின் அழகுபடுத்தும் பிரிவு கேட்டது, எழுதிக் கொடுத்தேன். தள்ளுவண்டியில் வேகவைத்த பீட்ரூட், ஆவி பறக்கும் மொச்சை, மாதுளம்பழத் திருவிழா, பச்சை வால்நட் உரித்துக் கை கறுத்துப்போவது, மலைப்பாதையில் முதல் குளிர் என்று வரிசையாகப் போகும். ஆறாவதாக, சினார் தெருவில் உதிர்ந்த இலைகள்மேல் நடப்பது. அந்த ஆறாவதுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஈரானின் மேற்கில், மலையடிவாரத்தில் இருக்கிறது. சின்ன ஊர் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும், பெரிய ஊர் என்று சொன்னால் நம்பாது. இப்படிப்பட்ட ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கின்றன. எந்த ஊர்க்காரராவது 'இது எங்களைத்தான் சொல்கிறது' என்று சண்டைக்கு வந்தால், அது அவர்களுக்கும் அவர்கள் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) "இந்த ஆண்டு இலையுதிர்காலம் சினார் தெருவுக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. பொன்னாடை போர்த்திய மரங்கள்—"

நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் பொன்னாடை போர்த்தாத மரம் இல்லை. இருபது வருடமாக நானே போர்த்திவந்திருக்கிறேன்.

(ஆ) "அந்த முதிய விதவை கடைசி மரத்தடியில் அமர்ந்து, சுருங்கிய விரல்களால் கண்ணீரைத்—"

இதை அந்த 'முதிய விதவை'யே படித்துவிட்டார். பெயர் தூரான்; பெண்களை மரியாதையாக அழைக்கப் பெயரோடு 'கானும்' என்று சேர்த்துக்கொள்வோம். சினார் தெருவில் குடியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறை வந்தபோது சமையலறை மேசைமேல் கிடந்த தாளைக் கேட்காமலேயே எடுத்துப் படித்தார்.

"யாரு இந்தக் கெழவி?"

"நீங்கதான் கானும். கதைக்காகக் கொஞ்சம் மாத்தி..."

"எனக்கு நாப்பத்தாறு வயசு. எம் புருஷன் லாரி ஓட்டிக்கிட்டு கல்லு மாதிரி உசிரோட இருக்கான். தினம் ஏழு பொம்பளைங்களுக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். அழுதா கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி தெரியாது. நான் எப்பய்யா அழுதேன்?"

"படிக்கிறவங்களுக்கு இரக்கம் வரணும் இல்லையா?"

"இரக்கம் வந்து நான் என்ன பண்ண? எனக்குத் தண்ணி வரணும்."

என் மனைவி மஹீன் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். தாளைக் கிழித்துப்போட்டேன்.

(இ) "கோடையில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, தூரான் கானும் ஒரு வார்த்தை சொன்னார்."

இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

சினார் தெருவில், உள்ளங்கைபோல விரிந்த இலைகளோடு நாற்பத்தொரு சினார் மரங்கள். இரண்டு ஓரத்திலும் மரத்தின் காலடியில் வாய்க்கால். மலை ஊற்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலையில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை உண்டு. மதகுச் சாவி தூரான் கானுமிடம். தெருக்காரர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மணிக்கு எழுந்துவிடுவார், குரல் தெருக்கோடிவரை கேட்கும் என்பவைதான் தகுதிகள். கார் ஓட்டக் கற்க வரும் பெண்களுக்கு முதல் பாடமும் அந்தத் தெருவில்தான். நிழல் இருப்பதால் பயந்தவர்களுக்கு வேர்க்காது என்பார்.

அன்று அழகுபடுத்தும் பிரிவின் தலைவர் இன்ஜினியர் சலாமத்தும் நானும் பிரசுரத்துக்காகத் தெருவைப் பார்க்கப் போயிருந்தோம். தண்ணீர் முறை நாள். தூரான் கானும் தட்டில் தேநீரோடு வந்தார். இன்ஜினியர் குனிந்து வாய்க்காலில் கையை விட்டார்.

"என்ன தண்ணி கானும் இது. ஐஸ் மாதிரி இருக்கு. சதுக்கத்துல நாங்க கட்டுற நீரூற்றுக்கு இப்படி ஒரு தண்ணி அமைஞ்சா ஊரே குளிர்ந்துபோயிரும்."

"பீஷ்கெஷ், இன்ஜினியர். உங்களுக்குத்தான், எடுத்துக்கங்க."

அவ்வளவுதான். கதையின் விதை, வேர், வில்லங்கம் எல்லாம் இந்த ஒரு வார்த்தைதான்.*

* பீஷ்கெஷ் என்றால் 'இது உங்களுக்கே காணிக்கை'. எங்கள் ஊரில் யாராவது உங்கள் பொருளைப் புகழ்ந்தால் வாய் தானாக இதைச் சொல்லும். சட்டையைப் புகழ்ந்தாலும் சொல்வோம், கடிகாரத்தைப் புகழ்ந்தாலும் சொல்வோம், பெற்ற பிள்ளையைப் புகழ்ந்தாலும் சொல்வோம். இதுவரை யாரும் அடுத்தவர் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதில்லை. வாசலில் நிற்பவரிடம் 'ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே' என்பது போலத்தான். கேட்டவர் சொல்ல வேண்டிய பதிலும் ஒன்று உண்டு: 'உடையவங்க கையில இருக்கிறதுதான் அதுக்கு அழகு.' அதோடு இருவரும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்கள்.

இன்ஜினியர் சலாமத் அயல்நாட்டுக்காரர் அல்ல. இதே ஊரில், அங்கிருந்து மூன்றாவது தெருவில் பிறந்தவர். நடை பழகுவதற்கு முன்பே இந்தப் பதிலை அவருக்குப் பழக்கியிருப்பார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. "ரொம்ப நன்றி கானும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

தூரான் கானும் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தை நீட்டினார். நான் இதையெல்லாம் கவனித்தேன். எழுத்தாளன் அல்லவா, கவனிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அன்றே வீட்டுக்குப் போய் அதை எழுதினேன்.

4

எழுதிய வரி இது:

"சினார் தெருவாசிகள் தங்கள் வாய்க்கால் நீரையே நகரத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள், பதிலுக்கு அவர்கள் கேட்டது ஓர் இலையுதிர்காலம் மட்டும்."

நல்ல வரி. அடக்கமாக இருக்க முயற்சி செய்யப்போவதில்லை, ஐம்பத்து மூன்று வயதில் நான் எழுதிய வரிகளில் இதுதான் சிறந்தது. யாரையும் எளிதில் பாராட்டாத மஹீனே இரண்டு முறை படித்தாள். உள்ளூர் வானொலியில் வாசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அழகுக் கையெழுத்துப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். மாதுளை விற்பவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, பழத்தை எடைபோட்டபடியே வரியை ஒப்பித்தார். நான் மூன்று கிலோ கூடுதலாக வாங்கிவிட்டேன்.

இப்போது அந்த வரியைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். தெருவாசிகள் கொடுத்தார்களா? நாற்பது வீட்டில் ஒருவருக்கும் விஷயமே தெரியாது. பரிசா? உபசார வார்த்தை. இலையுதிர்காலத்தைக் கேட்டார்களா? கேட்டது நான், அதுவும் வரிக்கு ஒரு முடிவு வேண்டியிருந்ததால் கேட்டேன். முழு வரியிலும் 'வாய்க்கால்' ஒன்றுதான் உண்மை.

ஒரு நயத்துக்காக எழுதியது, நயத்தை நம்பி யாராவது தண்ணீரைத் திருப்புவார்களா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரசுரம் ஐயாயிரம் பிரதி அச்சாகி வந்த பத்தாம் நாள், மதகில் புதுப் பூட்டு தொங்கியது. தண்ணீர் குழாய் வழியாகச் சதுக்கத்துக்குப் போனது. நீரூற்றை ஒருமுறை நிரப்பினால் போதும், அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். அது கட்டின நாள்முதல் ஒழுகுகிறது. நாற்பத்தொரு மரம் குடிக்க வேண்டிய தண்ணீரைச் சதுக்கத்தின் சாக்கடை குடிக்கிறது.

5

(இந்தப் பகுதியை எழுத எனக்கு இஷ்டமில்லை. இது இல்லாவிட்டால் நான் நல்லவன் போலத் தெரிவேன் என்பதால் எழுதுகிறேன்.)

மெஹர் மாதம் பிறந்தால்தான் எங்களுக்கு இலையுதிர்காலம். சினார் பழுக்க அதற்கும் மேலே ஒரு மாதம் ஆகும். இந்த வருடம் மெஹர் பிறக்க இருபத்திரண்டு நாள் இருக்கும்போதே சினார் தெரு மஞ்சளாகிவிட்டது. ஊருக்கு ஒரே கொண்டாட்டம். நாட்டிலேயே முதல் இலையுதிர்காலம் எங்களுக்குத்தான் என்று பதாகை கட்டினார்கள். இலைகளைப் பெருக்கக் கூடாது என்று துப்புரவுப் பணியாளர்களுக்கு உத்தரவு போனது. மக்கள் மிதித்து மகிழ வேண்டுமாம். இன்ஜினியர் சலாமத் மேடையில் ஏறி, "நம்ம திட்டத்துக்கு இயற்கையே ஒத்துழைக்குது" என்றார். கைதட்டினோம்.

ஆமாம், தட்டினோம். மஹீனும் நானும் போயிருந்தோம். காகிதத் தட்டில் சூடான பீட்ரூட் வாங்கி, விரலெல்லாம் சிவக்கத் தின்றுகொண்டு நடந்தோம். புதுமணத் தம்பதிகள் இலைகளை அள்ளி வீசிப் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் குவியலில் விழுந்து புரண்டார்கள். வெயில் கிளைகளுக்கு நடுவே சாய்ந்து விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது, இன்றைக்கு அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

உண்மையான இலையுதிர்காலத்துச் சினார் இலை காலடியில் மெதுவாக நசுங்கும், அடியில் ஈரம் இருக்கும். இது காய்ந்த ரொட்டி மாதிரி நொறுங்கியது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. மரம் பழுக்கவில்லை, தாகத்தில் இலையை உதறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் எனக்குப் புரியவில்லை. (இல்லை. 'புரியவில்லை' பொய். புரிந்தது. பக்கத்தில் ஒருவர் என் வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதைக் கேட்கும் சுகத்தில் இதை ஒதுக்கிவிட்டேன்.)

கூட்டத்துக்கு நடுவே தூரான் கானுமின் பயிற்சிக் கார் ஊர்ந்து வந்தது. ஓட்டியது ஒரு புது மாணவி, முகம் வெளிறிப்போயிருந்தது. புகைப்படக்காரர் ஒருவர் சன்னலில் குனிந்தார்.

"கொஞ்சம் பின்னால எடுத்துக்கங்க கானும், கார் படத்தைக் கெடுக்குது."

"மரம் செத்துக்கிட்டிருக்கு, அது கெடுக்கலையா உன் படத்தை?" என்றார் தூரான் கானும். பிறகு மாணவியிடம் சாதாரணக் குரலில், "ஹார்ன் அடி கண்ணு. நல்லா அழுத்தி அடி. இன்னைக்குப் பாடம் இதான்" என்றார்.

6

மெஹர் முடிந்து ஆபான் மாதம் வந்தது. எங்கள் வீட்டில் ஊறுகாய் போடும் நாள். காலிஃபிளவர், கேரட், பூண்டு என்று மலைபோல நறுக்கி வைத்திருந்தோம், வினிகர் நெடி தெருவரை போயிருக்கும். அன்றுதான் தூரான் கானும் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். வால்நட் உரித்த கறை கையில் இன்னும் போகவில்லை. பிரசுரத்தை மேசைமேல் வைத்து, ஆறாவதன் மேல் விரலை ஊன்றினார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமா கானும்."

"மூணு தடவை ஆபீசுக்குப் போயிட்டேன். தண்ணியைத் திருப்பி விடுங்கன்னா, இன்ஜினியர் இதை எடுத்துக் காட்டுறாரு. 'உங்க தெருவே குடுத்துச்சுன்னு அச்சுல இருக்கே கானும், ஊரே பாராட்டுதே'ங்கிறாரு. கோப்புல இதைத்தான் ஆதாரமா சேர்த்திருக்காங்க. ஒரு கையெழுத்து இல்ல, ஒரு மனு இல்ல. உங்க ஒத்த வரிதான் இருக்கு."

"அவர்கிட்ட நீங்க சொன்னது உபசாரத்துக்குன்னு அவருக்கே தெரியுமே."

"தெரியும். நல்லாவே தெரியும். அதான் என்கிட்ட எழுதி வாங்கல. உங்ககிட்ட எழுதி வாங்கியிருக்காரு."

மஹீன் என்னைப் பார்க்காமல் கேரட்டைப் பார்த்துச் சொன்னாள். "இவர் பொய் சொல்ல மாட்டாரு கானும். பொய்க்குச் சட்டை மட்டும் தைச்சுக் குடுப்பாரு."

தூரான் கானும் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கிளையை எடுத்தார். காய்ந்த விறகு மாதிரி இருந்தது.

"நகத்தால கீறுங்க."

கீறினேன். உள்ளே பச்சை. ஈரம்கூட இருந்தது.

"பார்த்தீங்களா? உசிரு இருக்கு. பனி விழறதுக்கு முன்னாடி நாலு முறை தண்ணி கெடச்சாப் போதும், வசந்தத்துல துளிர்க்கும். ஆனா அவங்க எல்லா மரத்துலயும் சிவப்புல நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க. காய்ஞ்ச மரமாம், ஆபத்தாம். இருபத்தஞ்சாம் தேதி நகராட்சில மரக்குழு கூடுது. வெட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. தண்ணி எங்களோடதுன்னு ஆச்சுன்னா, காய வெச்சது அவங்கன்னு ஆயிரும், வெட்ட முடியாது. நாங்களே குடுத்ததுன்னு இருந்தா, காய வெச்சது நாங்கதான். அதுக்கப்புறம் கோடாலிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. 'நான் அங்க இருந்தேன், அவ சொன்னது உபசாரம், நான் எழுதினது பொய்'னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்டதும் என் மனதில் முதலில் என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? மரங்கள் தோன்றவில்லை. பொய்யா? அந்த வரியா? என்று தோன்றியது.

7

அடுத்த வாரம் இன்ஜினியர் சலாமத்தின் அறைக்குப் போனேன். அங்கே நடந்ததை இப்படி எழுதியிருந்தேன்:

'உள்ளே நுழைந்ததும் அவருடைய சுழல் நாற்காலியைத் தடவிப் பார்த்தேன். "என்ன நாற்காலி இது இன்ஜினியர். மெத்து மெத்துன்னு இருக்கு" என்றேன். வாய்ப்பழக்கம் அவரை விடுமா? "பீஷ்கெஷ், உங்களுக்கே" என்றார். "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்று மாடிப் படிகளிலும் குமாஸ்தாக்கள் எழுந்து நின்றார்கள். பின்னால் இன்ஜினியர் ஓடி வந்தார். "ஐயோ, அது உபசாரத்துக்குச் சொன்னதுய்யா." நான் திரும்பினேன். "அப்படியா? அப்போ தண்ணி?"'

பிடித்திருக்கிறதா? எனக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. மஹீனுக்கு வாசித்துக் காட்டினேன். "தூக்கிட்டு வந்த நாற்காலி எங்க, நம்ம வீட்ல காணோமே?" என்று மட்டும் கேட்டாள்.

நடக்கவில்லை. அந்தப் படிகளில் இறங்கும்போது நான் கற்பனை செய்துகொண்டது அது. சொல்ல வேண்டிய இடத்தில் வாய் கட்டி, சொல்ல முடியாத இடத்தில் வாய் திறப்பவர்கள் பிற்பாடு கதை எழுதுகிறார்கள்.

நடந்தது இதுதான். நான் நாற்காலியைத் தொடவில்லை. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கியானுஷ், வாங்க வாங்க. உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன். 'நம் நகரின் நான்கு பருவங்கள்'னு பெரிய புத்தகம் ஒண்ணு போடப்போறோம். கெட்டி அட்டை, வண்ணப் படங்க. நீங்கதான் எழுதணும், வேற யாருக்கு வரும் அந்தக் கை?"

"இன்ஜினியர், நான் வந்தது அந்தச் சினார் தெரு விஷயமா—"

"அந்த வரி! அதைத்தான் சொல்ல வந்தேன். 'பதிலுக்கு அவர்கள் கேட்டது ஓர் இலையுதிர்காலம் மட்டும்.' எப்படிய்யா எழுதினீங்க? எங்க அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. என்ன வரி, என்ன வரி."

நான் தலைகுனிந்து, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னேன்:

"பீஷ்கெஷ், இன்ஜினியர். உங்களுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஐம்பத்து மூன்று வருடப் பழக்கம். யார் புகழ்ந்தாலும் வாய் கொடுத்துவிடும்.

அவர் 'உடையவங்க கையில இருக்கிறதுதான் அழகு' என்று சொல்லவில்லை. "ரொம்ப நன்றி" என்றார். பக்கத்து மேசைக் குமாஸ்தாவிடம் திரும்பி, "குறிச்சுக்கங்க. வரியை ஆசிரியர் நகராட்சிக்கே குடுத்துட்டாரு. இனிமே அதை மாத்தறதோ வாபஸ் வாங்கறதோ நம்ம விருப்பம்" என்றார். குமாஸ்தா குறித்துக்கொண்டார்.

இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டேன். ஊரின் மரியாதையை ஊருக்கு எதிராகத் திருப்பி, மற்றவர்களின் நல்ல பழக்கத்தில் குழாய் போட்டுத் தண்ணீர் உறிஞ்சும் ஆள். இவரைக் கொஞ்சம் நல்லவராக்கலாமா, நோயாளி மகள் ஒருத்தியைக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆக்க மாட்டேன். வில்லன்களுக்கு நோயாளி மகள் கொடுத்துக் கொடுத்தே இந்த ஊரைக் கெடுத்தோம். அவருக்கு ஆரோக்கியமான இரண்டு பிள்ளைகள். சந்தோஷமாக இருக்கிறார்.

8

தூரான் கானும் இரண்டாம் முறை வந்தது இதற்குப் பிறகுதான். முதிய விதவையைக் கிழித்துப்போட்ட கையோடு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் சொன்னேன், நீங்களும் சொல்லிட்டு வந்திருக்கீங்க. என்ன ஊருய்யா இது. மரியாதை தெரிஞ்சவனுக்குத்தான் இங்க எல்லாம் பறிபோகுது."

"நான் இதையெல்லாம் ஒரு கதையா எழுதிக்கிட்டிருக்கேன் கானும். ஊரே படிக்கட்டும்."

"கதையா? குழுவுல கதையை எடுத்துக்குவாங்களா? 'இது கற்பனை'ன்னு நீங்களே மேல எழுதியிருப்பீங்களே. அவருக்கு அதுவும் சாதகம். நீங்க உண்மைன்னு எழுதின பொய்யைக் கோப்புல வெச்சிட்டாரு, கதைன்னு எழுதற உண்மையைக் குப்பைல போடுவாரு."

அவர் போன பிறகு உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன். பதில் இல்லாதபோது எழுத்தாளன் முடிவு எழுதுவான்.

முதல் முடிவு. குழு மனம் மாறுகிறது, மதகு திறக்கிறது, தூரான் கானும் காரை நிறுத்திவிட்டு இறங்கிக் காலை நனைக்கிறார், முதல் துளிர்—

இரண்டாம் முடிவு. நாற்பத்தொரு மரமும் விழுகின்றன. அந்தக் கட்டைகளில் நகராட்சி பெஞ்சு செய்து நீரூற்றைச் சுற்றிப் போடுகிறது. ஒரு பெஞ்சில் என் வரியைச் செதுக்கியிருக்கிறார்கள். நான் அதன்மேல்—

இரண்டையும் விட்டுவிட்டேன். முதலாவது நன்றாக வந்தால் மரம் பிழைத்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். இரண்டாவது நன்றாக வந்தால் நெஞ்சு கனத்து, 'ஆஹா' என்று சொல்லிவிட்டு அதே பக்கத்தைப் புரட்டுவீர்கள். மரம் செத்தாலும் பிழைத்தாலும் லாபம் எனக்குத்தான். இந்தக் கணக்கில் தூரான் கானுமுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்கு என் தொழில் மேலேயே அருவருப்பாக இருந்தது.

(அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், முதுகில் என் பெயர். இருபது வருடத் துண்டுப்பிரசுரங்களுக்குப் பிறகு ஒரு புத்தகம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது. வீரன் என்றால் ஒரு நாளில் சொல்லியிருப்பான்.)

9

இன்று இருபத்து நான்காம் தேதி. காலையில் ஒரு வெள்ளைத்தாளில் இதை எழுதினேன்:

"தூரான் ரஸ்தகார் தண்ணீரைக் கொடுக்கவில்லை. உபசாரத்துக்கு ஒரு வார்த்தை சொன்னார். நான் அங்கே இருந்தேன். அதைப் பரிசு என்று அச்சில் எழுதியது நான். அது பொய். அந்த வரியை யாருக்கும் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அதில் இருந்தது என் தண்ணீர் அல்ல."

கையெழுத்துப் போட்டேன். மஹீனிடம் நீட்டினேன். படித்தாள்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணும் விசேஷமா இல்ல. கொண்டு போய்க் குடு."

தூரான் கானுமிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் யாரோ மாணவி கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதறவைக்கும் சத்தம் கேட்டது.

"சேர்த்துக்குவாங்களா?" என்றார்.

"தெரியல கானும். வரி அவங்களோடதுன்னு குறிச்சு வெச்சிருக்காங்க. தாளை வாங்காமலே அனுப்பலாம்."

"ஆள் இருந்தா அனுப்ப மாட்டாங்க. குழு நடக்கும்போது பொதுமக்கள் உட்காரலாம்னு விதி இருக்கு, சுவத்தோரமா பன்னெண்டு நாற்காலி போட்டிருக்காங்க. நான் மூணு கூட்டத்துக்குப் போயிருக்கேன். பன்னெண்டும் காலியாத்தான் கெடக்கும். எல்லாரும் இலை மேல நடக்கப் போயிருப்பாங்க." சற்று நிறுத்தினார். "கிளட்ச்சை விடு கண்ணு, மெதுவா. நான் உங்ககிட்ட சொல்லல எழுத்தாளரே, இவகிட்ட சொல்றேன். நாளைக்கு வந்துருங்க."

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. அது இன்னும் நடக்கவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு நடக்கும். நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி, இடதுபக்கம் கடைசி அறை. தூரான் கானுமுக்கு ஒரு நாற்காலி, மஹீனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இன்னும் ஒன்பது காலியாக இருக்கின்றன.

வாருங்கள். உபசாரத்துக்குச் சொல்லவில்லை.